ஜெகபர் அலியின் மனுக்கள்

புதுக்கோட்டை என்றால் மன்னாரில் நமக்கு ஞாபகம் வருவது ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்து இழுவைப் படகுகள்தான். நம் வலைகளை அறுத்துப் போகிறவர்களின் ஊர். அதே மாவட்டத்தில், கடலைவிட்டு உள்ளே, திருமயம் பக்கம் ஒரு மனிதர் இருந்தார். ஜெகபர் அலி. அ.தி.மு.க.காரர், முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். நம் கணக்கில் பிரதேச சபை உறுப்பினர் மாதிரி.

அவர் பெரிய மேடைப் பேச்சாளர் என்பதற்காக இதை எழுதவில்லை. தன் பகுதியில் சட்டவிரோதமாகக் கல் உடைக்கிறார்கள் என்று மனுவுக்கு மேல் மனு கொடுத்தார், அவ்வளவுதான். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது டிப்பர் மோதி வஃபாத்தானார். முதலில் விபத்து என்றுதான் பதிந்தார்கள். மனைவி விடவில்லை. அவருடைய முறைப்பாட்டுக்குப் பிறகுதான் அது கொலை வழக்கானது. குவாரிக்காரர்கள் கைதாகி, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது.

ஒரு முகம் மட்டும் முன்னால் நின்றால், அதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்.

நம் தீவின் மண்ணிலும் இல்மனைட்டுக்காகத் துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த மண்தான் மழைநீரை உப்புநீருக்கு மேலே தாங்கி வைத்திருக்கிறது. அது குழம்பினால் கிணறு போச்சு. 2025 ஓகஸ்டில் காற்றாலைக்கும் மண் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் பாதரும் மௌலவியும் ஐயரும் ஒன்றாக இருந்தார்கள். காற்று மின்சாரம் கெட்டதென்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே 30 காற்றாலைகள் நிற்கிற இந்தச் சின்னத் தீவிலா இன்னும் என்பதுதான் கேள்வி.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறோம். அந்த நாட்களில் நம் ஆசிரியர் அறைக்கு ஒரு கையெழுத்துத் தாள் வந்தது. அரச ஊழியர், தாபனக் கோவை, இடமாற்றம் என்று பேசிப் பேசியே அதைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த பாடவேளையில் தரம் எட்டுக்கு நிலக்கீழ் நீர் படிப்பித்தோம்.

2025 மேயில் நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களே, மண் லொறிகளுக்கு அனுமதி தந்தது யார் என்று சபையில் எழுத்தில் கேளுங்கள். நாமும் கேட்போம். 2016 இன் தகவல் அறியும் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் பெயரில் வேண்டாம். ஐம்பது பேர், ஐம்பது விண்ணப்பம். பெண்களும் போடலாம், சேர்ச்சுக்காரரும் கோயில்காரரும் போடலாம்.

படிவங்களை வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வெளியில் கொண்டு வருகிறோம். முதல் படிவத்தை நாமே நிரப்பிவிட்டோம்.