‘கம்பேர்’ என்றால் என்ன என்று யார் சொல்லித் தந்தார்கள்?

எங்கள் காலனி படிப்பகத்துக்கு மாலையில் வரும் பிள்ளைகளில் ஒரு தம்பி கல்லூரியில் பொருளியல் முதலாண்டு படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. கல்லூரியில் ஆங்கிலவழிப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தான். கிடைத்தது இரண்டு மதிப்பெண்.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தோம். எழுதிய செய்தி எதுவும் தவறில்லை. கேள்வி ‘கம்பேர்’ என்று தொடங்கியிருந்தது. தம்பி முதலில் ஒன்றைப் பற்றி முழுக்க எழுதிவிட்டு, அடுத்ததைப் பற்றி முழுக்க எழுதியிருந்தான். எதில் ஒத்துப்போகின்றன, எதில் மாறுபடுகின்றன என்று ஒவ்வொரு அம்சமாக ஒப்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. விடைத்தாளைக் கொடுத்தபோது ஆசிரியர் சொன்னது ஒன்றுதான்: “இங்கிலீஷ் வரலைன்னா ஏன் இந்த மீடியத்துக்கு வர்றீங்க?” அந்த ‘வர்றீங்க’வில் யாரெல்லாம் அடக்கம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் சொல்லும் யோசனை, “ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிடு” என்பது. ஆடு விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டுகிறோம். மூன்று மாதத்தில் பிள்ளை தன்னை அறிமுகம் செய்துகொள்ளக் கற்கிறான், நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொல்லப் பழகுகிறான். அது வேலைக்கு உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்தால் பழைய இருட்டுதான்.

காரணம், பேச்சு ஆங்கிலம் வேறு, படிப்பு ஆங்கிலம் வேறு. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இந்த வேறுபாட்டை 1979-லேயே எடுத்துச் சொன்னார். பேச்சுமொழி இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், படிப்பு மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும் என்பது அவர் கண்டது. நாளெல்லாம் ஆங்கிலம் காதில் விழும் ஊரிலேயே இந்த நிலை. நம் பிள்ளையோ முதல் பருவத்திலேயே தேர்ச்சி பெற வேண்டும் என்கிறார்கள்.

அதே சமயம், இது எட்டாத மலையும் அல்ல. எவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ஆம் ஆண்டில் கல்விச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எந்தப் பாடமானாலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவைதான். நாளைக்கு இரண்டு என்று கற்றாலும் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம்.

கற்பிக்க நேரம் இல்லை என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. நம் மாநிலக் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு ஆண்டும் பகுதி இரண்டு ஆங்கிலம் இருக்கிறது. அங்கே நடப்பது என்ன? கவிதை, கதை, கட்டுரை. மாணவர் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார். இலக்கியம் வேண்டும்தான். ஆனால் பொருளியல் பாடத்தின் ஒரு பக்கத்தைப் படித்து நான்கு வரியில் சுருக்குவது, குறிப்பெடுப்பது, பிறர் கருத்தை அவர் பெயரோடு சொல்வது, நம் கருத்தைச் சான்றோடு நிறுவுவது ஆகியவை அந்த நான்கு பருவங்களில் எங்கே இருக்கின்றன?

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இதைச் சாப்பாட்டு நேரத்திலேயே கற்றுவிடுகிறார்கள். நம் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். அதனால் கல்லூரி கற்றுத்தராததன் விலையை முழுதாகக் கட்டுவது நாம். அந்த விலை அரியரோடு நிற்பதில்லை. நெட் தேர்வின் வினாத்தாள், மொழிப் பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கும் இன்று அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தகுதி இல்லை என்று பிறகு சொல்லப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

சில கல்லூரிகளில் ‘ரெமடியல்’ வகுப்பு நடக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல், பட்டியல் சாதி மாணவர்களின் பெயரை வாசித்து உட்கார வைக்கிறார்கள். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஊருக்கு நடைதான். அதைவிட, மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க அந்த அறைக்குள் நுழைவது எவ்வளவு கனமானது என்று நுழைந்தவர்களுக்குத் தெரியும். ஒதுக்கீட்டுப் பிரிவு என்று மாணவரை முத்திரை குத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகளே பாகுபாடு என்கின்றன. உதவியே முத்திரையாகிவிடக் கூடாது.

எனவே நாம் கேட்பது இவை. படிப்பு ஆங்கிலம் முதலாண்டில் எல்லோருக்கும், கால அட்டவணைக்குள், மதிப்பெண்ணோடு கற்பிக்கப்பட வேண்டும். அது எவருக்கும் தாய்மொழி இல்லை. ஆங்கில ஆசிரியரும் துறை ஆசிரியரும் சேர்ந்து, அந்தந்தத் துறைப் புத்தகத்தையே வைத்து நடத்த வேண்டும். வகுப்பில் தமிழில் விவாதித்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பழக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தது குறையல்ல. யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுதும் முறைதான் தேவை.

பாடமாக எதை வைப்பது என்று கேட்டால் ஒன்று சொல்வோம். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் மாணவர் அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரும் சாதிக்குத் தந்த விளக்கங்களை அதில் எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது சரி, எது போதாது என்று காட்டுகிறார். அதன் பிறகே தன் வாதத்துக்கு வருகிறார். ‘கம்பேர்’ என்றால் என்ன என்று அந்தச் சில பக்கங்களே கற்றுத் தந்துவிடும். சுவரில் அவர் படம் இருக்கும் கல்லூரிகள், வகுப்பில் அவர் கட்டுரையைத் திறக்கட்டும்.

தம்பி தங்கைகளே, கல்லூரி மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, கேள்வியின் முதல் சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள். ‘டிஃபைன்’, ‘எக்ஸ்பிளெய்ன்’, ‘கம்பேர்’, ‘டிஸ்கஸ்’ ஒவ்வொன்றும் என்ன வேலை சொல்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை. அதைச் சொல்லித் தராமல் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் வெட்கம்.