தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரோ?

கண்ணாற் காண்பதே மெய்யென்று நம்புவோர் நம்மிடையே மிகுதி. நானும் அவ்வாறே நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு இரண்டு உயிர்கள் பலியாயின.

வெள்ளவத்தையிலே, கடலிரைச்சல் கேட்கும் என் வீட்டு முன்னறையிலே, முருகைக்கற் சூழலை ஒத்த மீன்தொட்டியொன்றை அமைக்க விழைந்தேன். கற்பவளங்கள் இந்நாட்டிலே சட்டத்தாற் காக்கப்பட்டவை. ஆதலின் செயற்கைக் கற்களையே அடுக்கினேன். கடல் அருகிருக்க உப்பை விலைகொடுத்து வாங்குவானேன் என்றெண்ணி, கால்வாய் கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் நீர் மொண்டு வந்தேன். மறுநாளே கோமாளி மீன்கள் இரண்டை விட்டேன். நீரோ பளிங்குபோல் இருந்தது. ஆறாம் நாள் அவை நீர்மட்டத்தில் வந்து மூச்சுக்குத் தவித்தன. நான் பதறி, யாரோ சொன்ன மருந்தை ஊற்றினேன்; பசியோ என்றெண்ணி இரையும் மிகுதியாக இட்டேன். எட்டாம் நாள் இரண்டும் மிதந்தன.

கொட்டாஞ்சேனையில் வாழும் ஆசிரிய நண்பரொருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் வீட்டுத் தொட்டியில் ஒரு மாதமாக மீனே இல்லை. நாளுக்கொரு சிட்டிகை இரை மட்டும் இட்டுவந்தார். முன்பு அதனைக் கண்டு நகைத்தவன் நான். அன்று அவர் நகைக்கவில்லை, விளக்கினார்.

மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அமோனியாவைத் தருகின்றன. நீரில் அது கண்ணுக்குத் தோன்றாது. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின் அங்கே அதன் நஞ்சு இன்னும் கடுமையாகும். பற்றீரியாக்களுள் ஒருவகை அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொரு வகை நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நண்பர் இட்ட இரை, மீனுக்கன்று, கண்காணா அவ்வுயிர்களுக்கு. என் தொட்டியிலோ அவை பெருகுமுன்னரே மீன் வந்துவிட்டது. நான் மேலும் இட்ட இரை நஞ்சையே பெருக்கியது.

பிற பிழைகளும் புலனாயின. நகரின் கழிவைச் சுமந்துவரும் கால்வாயின் அருகே மொண்ட நீர், தெளிவாயிருந்தும் தூயதன்று. குழாய்நீரிலுள்ள குளோரீன் அந்நுண்ணுயிர்களையே கொல்லும். கொழும்பின் வெக்கையில் ஆவியாகிப் போவது நீர் மாத்திரமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு ஊற்றவேண்டியது தூய நன்னீரே. உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவையும், வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியசையும் ஒட்டி நிற்றல் நன்று. வெப்பம் சிறிதே மிகுந்தாலும் விளையும் கேட்டை 1998 இல் கண்டோம். கடல் சூடேறிய அவ்வாண்டிலே இக்கடுவையின் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன.

'ஒரு மீன் இறந்தால் இன்னொன்று வாங்கலாமே' என்பாரும் உளர். கடலின் அலங்கார மீன்களுட் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவையல்ல, பாறைகளிடையே பிடிக்கப்பட்டவை. நமது அவசரத்தின் விலையை அந்தப் பாறைகளன்றோ கொடுக்கின்றன? நோயின் காரணத்தை முதலில் நாடச் சொன்ன வள்ளுவரை மனப்பாடம் செய்த நாம், அளந்து பாராமல் மருந்தை ஊற்றுகிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி ஆய்வுகூடத்திலே மீனில்லாத் தொட்டியொன்றை ஆறு வாரம் வையுங்கள். அமோனியா ஏறி இறங்குவதையும், பின்னர் நைத்திரைற்று ஏறி இறங்குவதையும் மாணவர் தாமே அளந்து குறிக்கட்டும். இரண்டும் சுழியைத் தொட்டு நிலைத்த பின்னரே முதல் மீனைப் பற்றிப் பேசட்டும்.

என் தொட்டிக்கு இன்று ஐந்தாம் வாரம். விருந்தினர் வந்து, மீன் எங்கே என்று வினவுகின்றனர். நைத்திரைற்று இன்னும் இறங்கவில்லை என்கிறேன்.