எட்டு பன்னிரண்டைப் பிடிக்கிறவர்கள்

மும்பையை அடுத்த தாணே ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு யாரையாவது நிறுத்தி, "உங்களிடம் ஒழுங்கு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அல்லது சிரிக்கக்கூட நேரமில்லாமல் ஓடுவார். அவருக்கென்று ஒரு வண்டி இருக்கிறது. அதில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியில் ஒரு வாசல், வாசலில் எந்தப் பக்கம் நிற்பது என்பதுவரை இருபது வருடமாக மாறியதில்லை. எட்டு பன்னிரண்டு போய்விட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று வரும். ஆனால் அது அவருடைய வண்டி இல்லை.

இப்படிப்பட்ட ஆளைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்கிறார்: "கொஞ்சம் டிசிப்ளின் வேணும் சார்."

எனக்கும் சொன்னார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறது என்றார்கள். அன்று மாலையே ஒரு வருடத்துக்கு ஜிம்மில் பணம் கட்டினேன். பதினொரு நாள் போனேன். வீட்டில் இன்றும் அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஒரு நாள் போனதற்கு எத்தனை ரூபாய் விழுந்தது என்று வகுத்துப் பார்த்தது என் மகள்.

துணைக்கு ஆளில்லாமல் இல்லை. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, என்னைப்போல வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. இத்தனை கோடிப் பேருக்கும் மனஉறுதி இல்லாமல் போய்விட்டது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? கோளாறு மனஉறுதியில் இல்லை. ரயிலை நாம் பிடிப்பது அது நேரத்துக்கு, நம் வழியில், ஒரே இடத்தில் வந்து நிற்பதால். உடற்பயிற்சி அப்படி எங்கும் வந்து நிற்பதில்லை.

வாசலில் நிற்பவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மொத்தம் 531 பேர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதத்தினர் நோயாளி ஆனார்கள். நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். அதோடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை. கேட்கப்பட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை: தினமும் அரை மணி வேகநடை, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைப்பது. அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. ஏற்கெனவே உடலுழைப்பில் இருப்பவர்களையும், நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகிறவர்களையும் இன்னும் நடக்கச் சொல்லவில்லை. இருப்பதை விடாதீர்கள் என்றுமட்டும் சொன்னார்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் இட்லிக்காரரை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் தாராவியில் அவித்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தோடு முதல் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். ஹாரனை இரண்டுமுறை அமுக்கினால் ஜன்னல்கள் திறக்கும். திருநெல்வேலிப் பக்கம். போன வருடம் சர்க்கரை என்று தெரிந்தது. "நான் நடந்துதான் சார் பொழைக்கேன். என்னயப் போயி தெனமும் நடக்கச் சொல்லுதாரு டாக்டரு" என்றார்.

1953-ல் லண்டன் பஸ்களை வைத்து ஜெர்ரி மோரிஸ் ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்து ஓட்டும் டிரைவரைவிட, மாடி பஸ்ஸில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. நம் இட்லிக்காரர் கண்டக்டர் கட்சி. அவருக்குச் சொல்ல வேண்டியது நடையைப் பற்றி இல்லை. பதினொரு மணிக்குப் பசிக்கிறது. கையில் மிச்சமான எட்டு இட்லி. நடுவே நாலு கட்டிங் சாய், கடைக்காரர் போட்ட சர்க்கரையோடு. வியாபாரம் முடிந்த இடத்தில் ஒரு தட்டுப் பயறோ சுண்டலோ பத்து ரூபாய்க்குக் கிடைத்தால் அவருடைய பழக்கம் மாறும். ஆளைப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கும் அறிவுரை மருந்துச்சீட்டில் இடத்தை மட்டும் அடைக்கிறது.

நமக்குப் பிடித்தமான எண்களும் இப்படித்தான். 21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்பது, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. அவர் பேசியது, முகம் மாறிய நோயாளிகள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட நாட்களைப் பற்றி. தினமும் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு போயிற்று. சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர் என்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்குத்தான் நாளானது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. இது தெரிந்திருந்தால் பன்னிரண்டாம் நாளும் ஜிம்முக்குப் போயிருப்பேனோ என்னவோ.

நான் பிறகு செய்தது இவ்வளவுதான். ஷேர் ரிக்‌ஷாவில் ஸ்டேஷன்வரை போகாமல் தலாவ்பாளி ஏரிக்கரையிலேயே இறங்கிவிடுகிறேன். ஏரியை இரண்டு சுற்று, பிறகு ஸ்டேஷனுக்கு நடை. வண்டி அதே எட்டு பன்னிரண்டு. வீட்டிலிருந்து கிளம்புவதுதான் அரை மணி முன்னால். புதிய பழக்கம் ஒன்றையும் உண்டாக்கவில்லை, இருபது வருடப் பழக்கத்தின் வாலில் ஒன்றைக் கட்டிவிட்டேன்.

ஆனால் எனக்கு ஏரி இருக்கிறது. கோபினேஷ்வர் கோயிலிலிருந்து கட்காரி ரங்காயதன் பக்கம்வரை, காலையில் ஸ்வெட்டர் மாமிகளும் சிரிப்பு கிளப்காரர்களும் என்னோடு சுற்றுகிறார்கள். கோட்பந்தர் சாலையின் முப்பது மாடிக் கட்டடத்தில் இருக்கும் என் நண்பருக்கு வாசலைத் தாண்டினால் லாரியும் தோண்டிப்போட்ட பள்ளமும்தான். நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது. அவரும் டாக்டரிடம் அதே அறிவுரையை வாங்கி வருகிறார்.

சென்னைத் திருமங்கலம் ஆசியாட் காலனியை இங்கே சொல்லவேண்டும். டாக்டர் வி. மோகனின் குழு அங்கே சர்க்கரை நோய் ஆய்வுக்குப் போய், நடக்கச் சொல்லிப் பேசிவிட்டு வந்தது. நடக்க இடம் எங்கே என்ற கேள்விக்குக் காலனிக்காரர்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். ஜனங்கள் அதே ஜனங்கள்தான். கூட வந்தது ஒரு பூங்கா.

தாணேயை ஏரிகளின் நகரம் என்கிறோம்; முப்பதுக்குமேல் இருக்கின்றன. மாநகராட்சித் தலைமை அலுவலகத்துக்கு எதிரிலேயே கச்ராளி ஏரி, அதைச் சுற்றி நடப்பவர்கள். கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஜன்னல்வழியே எட்டிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வார்டிலும் இப்படி ஒரு கிலோமீட்டர் வழுக்காத பாதை, விளக்கு, கழிப்பறை என்று கேட்பதை அழகுபடுத்தும் செலவில் எழுதக்கூடாது. ஆஸ்பத்திரிச் செலவில் எழுதவேண்டும்.

ஜூன் பிறந்தால் எனக்கும் சோதனைதான். நாலு மாத மழையில் ஏரிக்கரை வழுக்கும். போன வருடம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். கூட்டத்தில் எதிரே பாத்திரத்தோடு வந்த இட்லிக்காரர் ஒருநாள் நின்று, "என்ன சார், வண்டிய விட்டுட்டீயளா?" என்றார்.