வயது என்னும் புதிய விதி!

"வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்!"

சோதிடன் சொன்ன வாசகமல்ல இது. ஐந்தரை ஆண்டு மருத்துவம் பயின்று, வெள்ளை அங்கி தரித்து வந்தவர் சொல்வது! தலைவிதி என்றால் நகைக்கிறோம்; வயது என்றால் தலையாட்டுகிறோம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, தோழர்களே? காரணம் தேடுவதைக் கைவிட்டவன் கண்டெடுத்த இரு சொற்கள், அவ்வளவே!

72 வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் மாத்திரை தருகிறார் ஒருவர். கால் வீங்குகிறது. வீக்கத்தைக் கண்ட மற்றொருவர், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைச் சேர்க்கிறார். இரவிலே அடிக்கடி எழுகிறார், எழுந்ததும் இரத்த அழுத்தம் தாழ்கிறது, தலை சுற்றுகிறது, இடுப்பெலும்பு முறிகிறது. மூன்றாமவர் தீர்ப்பளிக்கிறார்: "வயதானால் விழத்தான் செய்வார்கள்!" விழவில்லை, ஐயா, வீழ்த்தப்பட்டார்!

கால் வீக்கம் அம்மாத்திரையின் பக்கவிளைவு என்பது மூவருக்கும் தெரியாதா? தெரியும்! நான்கு விடைகளுள் சரியானதைக் குறித்து மதிப்பெண் பெற்றவர்கள்தாம். அறிவு இருந்தது, அதை எதிரே அமர்ந்த மனிதரோடு பொருத்திப் பார்க்கும் சிந்தனை இல்லை. நான்கு விடைகளைக் கையிலேந்தியா வருகிறார் மூதாட்டி?

நான் பள்ளி ஆசிரியன். விடை சரி, வழி தவறு என்றிருக்கும் தாள்களைக் கண்டவன். கணக்கிலே வழிக்கும் மதிப்பெண் உண்டு. உயிர் காக்கும் கல்வியிலே? மேற்படிப்பின் வாயிலான நீட் முதுநிலைத் தேர்வில் 200 வினாக்கள். நான்கில் ஒன்றைக் குறித்தால் போதும், ஏன் என்று எவரும் கேட்பதில்லை!

முதியோர் உடலோ நூலில் உள்ளபடி நடப்பதில்லை. நெஞ்சுவலியின்றி மாரடைப்பு வரும்; காய்ச்சலின்றி நுரையீரல் அழற்சி வரும்; திடீர் மனக்குழப்பம் ஒன்றே அடையாளமாகலாம்.

"இறுதியாண்டிலே நோயாளியை வைத்துத் தேர்வு உண்டே" என்பர். உண்டு. ஆனால் ஒரு நோயிலே நன்கு சிந்திப்பவன் வேறொன்றிலே தடுமாறுவான் என்பதை 1978-இல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா மூவரும் நூலாக்கிக் காட்டினர். ஓரிரு நோயாளிகளைக் கொண்டு ஒருவன் சிந்தனையை அளப்பது எங்ஙனம்?

வழி இல்லாமலில்லை. 2000-இல் கனடாவின் பெர்னார்டு சார்லினும் துணைவர்களும் ஒரு தேர்வு முறையை எடுத்துரைத்தனர். நோயாளியின் நிலை ஒன்று, ஐயம் ஒன்று, பிறகு புதிய செய்தி ஒன்று. செய்தி ஐயத்தை வலுப்படுத்துகிறதா, தளர்த்துகிறதா? பட்டறிவு மிக்க மருத்துவர் பலரின் கணிப்போடு ஒப்பிட்டு மதிப்பெண். வல்லுநரே வேறுபடும் இடத்திலே ஒரே விடைதான் உண்டென்று பொய்யுரைக்காத தேர்வு!

முதியோர் மருத்துவத்துக்கு முதுநிலைப் பட்டப்படிப்பை 1996-இலேயே தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. பெருமைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் அறுபதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். அவர்கள் அனைவரையும் சில வல்லுநரா காண்பர்? ஊர்தோறும் அமரும் இளநிலை மருத்துவரன்றோ காண்பர்! ஆகவே, இளநிலைத் தேர்விலேயே முதியோர் சிலரை முன்னிறுத்திக் கேளுங்கள்: "எதை ஐயுறுகிறாய்? ஏன்? இம்மாத்திரைகளுள் எதை நிறுத்துவாய்?" நேரம் பிடிக்கும் என்பீர். முறிந்த எலும்பு கூடுவதற்கும் நேரம் பிடிக்கிறதே!

மருத்துவம் பயிலும் இளைஞனே! 'வயது' என்ற சொல் நாவிலே எழும்போது ஒரு கணம் நில். உன்னையே கேள்: "வயதா, மாத்திரையா?"