பொலிஷ் அடிச்சா மட்டும் போதுமோ?

கலியாண சீசன் வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40ஓ மாலை போட்டுக்கொண்டு நிற்கும். நாங்களும் பக்கத்தில் நிண்டு படம் எடுத்துப் போடுவம். பழைய கார்களில் எங்கட தலைமுறைக்கு இருக்கிற அன்பு பெரும்பாலும் அதோட முடிஞ்சுபோகுது. அந்த அன்பு காணாது எண்டுதான் நாங்கள் சொல்ல வாறம். இதைச் சொல்லுறதுக்கு முதல் எங்கட பிழையையும் ஒத்துக்கொள்ள வேணும்.

எங்கட கூட்டாளி ஒருவரின் அப்பப்பா வைத்திருந்த மைனரை நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓட்டத்துக்குக் கொண்டுவந்தம். பெயின்ற், சீற், குரோம் எல்லாத்துக்கும் காசு சேர்த்துச் செலவழிச்சம். கியர் பொக்ஸ் வெளியில தெரியாது, படத்திலயும் வராது. அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்ல. கடைசியில், 'கியர் பொக்ஸ் எண்டா கியர் ஒயில்தானே' எண்டு, கடையில் இருந்த தடிப்பான ஜீஎல்-5 ஒயிலை வாங்கி விட்டம். இரண்டாம் கியருக்கு மாத்தேக்க ஒவ்வொரு முறையும் கரகரத்தது.

வயசான மெக்கானிக் ஐயா ஒருவரிட்ட கொண்டுபோனம். அவர் ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்திட்டுச் சிரிச்சார். "பிள்ளையள், இதுக்கு எஞ்சின் ஒயில்தான் விட வேணும். கியர் ஒயில் பின்னுக்கு இருக்கிற டிபரன்சியலுக்கு."

ஒரே காருக்கு இரண்டு வகை ஒயில். காரணமும் எளிது. கியர் மாறேக்க, வெண்கல வளையம் ஒன்று கியரின் கூம்பில் உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும். ஒயில் தடிப்பாகவோ வழுக்கலாகவோ இருந்தால் அந்தப் பிடிப்புக் கிடைக்காது. ஜீஎல்-5 ஒயிலில் கலக்கிற கந்தகச் சேர்மங்கள் நாளடைவில் வெண்கலத்தையே அரிக்கவும் கூடும். டிபரன்சியலின் பற்கள் அழுத்தத்தோடு சறுக்கி உரசுறதால அங்க அந்த ஒயில் அவசியம்.

பிறகு அவர் எங்கட ஓட்டத்தையும் திருத்தினார். மைனரின் முதலாம் கியருக்கு அந்த வளையமே கிடையாது. கார் முழுசா நிண்ட பிறகுதான் அதைப் போட வேணும். கிளச்சில் சும்மா காலை வைச்சுக்கொண்டு ஓடவும் கூடாது. உள்ள இருக்கிற கிளச் பெயாரிங் கரியால் செய்தது, உரச உரசத் தேயும். ஒயில் மாத்தேக்க, வடிச்ச ஒயிலில் மஞ்சள் தூள் மினுங்குதோ எண்டு பார்க்க வேணும். மினுங்கினால் வளையம் தேயுது எண்டு அர்த்தம்.

அந்தக் கியர் பொக்ஸுக்கு வேண்டியது 1.3 லீற்றர் அளவு ஒயில்தான். பெயின்றுக்கு நாங்கள் குடுத்த காசோட பார்த்தால் அது ஒண்டுமில்லை.

'ஜப்பான் கியர் பொக்ஸ் ஒண்டைப் பூட்டினால் பிரச்சினை முடிஞ்சுது' எண்டு சிலர் சொல்லுவினம். தினமும் அந்தக் காரில் வேலைக்குப் போறவர் அப்பிடிச் செய்தால் நாங்கள் குறை சொல்லமாட்டம். ஆனால் ஒயில் மாத்தினால் சரிவாற பெட்டியைக் கழட்டி இரும்புக்குப் போடுறது திருத்தம் இல்லை.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது, இதே கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக்காட்டின ஊர் இது. கார்புரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். புதுச் சாமான் வராத அந்தக் காலத்தில் இருந்ததை வைச்சே திருத்தினவை இப்ப வயசாளிகள். அவையின்ர கைப்பழக்கம் எங்கட மொழியில் எங்கயும் முழுசா எழுதப்படேல்ல. அவை போனால் அதுவும் போகும். கார் மட்டும் மாலை போட்டுக்கொண்டு நிற்கும்.

அதனால கராஜில் போய் இருப்பம். கேப்பம், கையில ஒயில் படட்டும், கேட்டதைத் தமிழில் எழுதி வைப்பம். அடுத்த முறை ஒரு மைனரோட படம் எடுக்கேக்க, "கியர் பொக்ஸுக்குக் கடைசியா எப்ப ஒயில் மாத்தினது?" எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. பதில் தெரியாட்டி, அந்தக் காருக்கு அவசரமாத் தேவைப்படுறது மாலை இல்லை.