பணம் யாருடையது, பெட்டிச் சாவி யாரிடம்?

போலீஸ்காரருக்கும் தீயணைப்புப் படைக்காரருக்கும் பழைய பென்ஷன் வேண்டுமா, புதிய பென்ஷன் போதுமா என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. சண்டை போடுகிற இரு கட்சியாருமே ஒரு கேள்வியை மறந்துவிட்டார்கள். இதுவரை அவர்களிடம் மாதாமாதம் பிடித்த பணத்தை எங்கே போட்டு வைத்தார்கள்? அங்கே போடும்படி சொன்னவர் யார்?

2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தமிழ்நாடு சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனிலிருந்து நீக்கினார்கள். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்குப் பத்து பிடித்தார்கள். சர்க்காரும் தன் பங்காக அதே அளவு போட்டது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஓய்வூதியம் இருந்ததே தவிர, வயதாகி வெளியே வந்தவர்களுக்கு மாதாமாதம் ஒன்றும் வரவில்லை. சேர்ந்த தொகையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

2004-ல் மத்திய சர்க்கார் தன் புதிய பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ராணுவத்தாருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு வேறு நியாயம் வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு ரொட்டிக் கடை தீப்பற்றியது. அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் மாண்டார், பலர் வெந்துபோனார்கள். 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி எந்தத் திசையிலிருந்து ஓடிவந்தார்களோ, அந்தத் திசையை நோக்கிப் போவதுதான் இவர்களுடைய உத்தியோகம். பென்ஷன் விஷயத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

போகட்டும். பணத்துக்கு வருகிறேன். மற்ற மாநிலங்களைப் போல் நம் சர்க்கார் இந்தப் பணத்தை மத்திய பென்ஷன் ஆணையத்திடம் ஒப்படைக்கவில்லை. தன் பொதுக் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. அதில் ஒரு பகுதி ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்குப் போயிற்று. இன்னொரு பகுதியை டிரஷரி பில்லில் போட்டார்கள். டிரஷரி பில் என்பது மத்திய சர்க்கார் சில மாதங்களுக்கு வாங்குகிற கைமாற்று. 91 நாளில் திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வயதில் 2003-ல் போலீஸில் சேர்ந்தவர் 2041-ல் ஓய்வு பெறுவார். முப்பத்தெட்டு வருஷம் கழித்து வேண்டிய பணத்தை மூன்று மாதக் கைமாற்றில் சுழற்றுவது என்ன புத்திசாலித்தனம்? சர்க்கார் இவர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட வட்டியோ சேமநல நிதிக்குள்ள வட்டி. டிரஷரி பில் அதைவிடக் குறைவாகச் சம்பாதித்தது. பள்ளத்தைப் பொதுப் பணத்திலிருந்து நிரப்பினார்கள். மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகளே இதைக் குத்திக் காட்டியிருக்கின்றன.

ராயபுரத்தில் இருபது பேரைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்துகிற அம்மாள், யார் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்று மாதாமாதம் நோட்டைத் திறந்து காட்டாவிட்டால் அடுத்த மாதம் வாசலில் கூட்டம் கூடிவிடும். இங்கே லட்சக்கணக்கான பேருடைய சீட்டு. வருஷத்துக்கு ஒரு கணக்குச் சீட்டு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். உன் பெயரில் இவ்வளவு என்று அது சொல்லும். எங்கே என்று சொல்லாது.

இதைக் கேட்டவுடன் மறுகட்சியார் துள்ளி எழுவார்கள்: "நாங்கள் சொல்லவில்லையா? பணத்தைச் சந்தையில் விடுங்கள், தானே வளரும்!" அவர்களோடும் எனக்குச் சண்டைதான். உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் சேமநலப் பணத்தை ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் போட்டார்கள். கம்பெனி முழுகியது, 2019-ல் வெளிவந்த கணக்குப்படி 2,200 கோடி ரூபாய்க்கு மேல் அதில் சிக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷம் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். விழுந்தபோதும், முதல் தரம் என்று முத்திரை குத்திய அதன் பத்திரங்களை நம்பி மாட்டிக்கொண்டவை எத்தனையோ தொழிலாளர் நிதிகள்.

சரி, பாங்கி டெபாசிட்டாவது பத்திரமா? நம் துறைமுகத்தையே பாருங்கள். அது பென்ஷன் பணமல்ல, வேறு நிதி. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2020-ல் துறைமுகத்தின் 100 கோடி ரூபாய் கோயம்பேட்டில் ஒரு பாங்கிக் கிளையில் டெபாசிட்டாக இருந்தது. துறைமுகத்தின் நிதி அதிகாரி நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போய் அதே பெயரில் கணக்குத் திறந்தார், பணத்தை அதற்கு மாற்றினார், 45 கோடிக்கு மேல் வெளியே போய்விட்டது என்கிறது சி.பி.ஐ. வழக்கு. கதையில் நான் இப்படி எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஃபயர்மேனுக்கு முதலீட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைக் காட்டுகிறேன். அங்கே சின்னச் சின்ன ஊர்களின் போலீஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் தனித்தனியே பென்ஷன் நிதி. மொத்தம் சுமார் 650. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பேர் கொண்ட குழு. இரண்டு பேரை ஊர்த் தலைவர் நியமிப்பார். மற்ற மூவரில் இருவரைப் பணியில் இருப்பவர்களும் ஒருவரைப் பென்ஷன்காரர்களும் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். சொர்க்கம் என்று சொல்லவில்லை. நிதிகள் சிறுத்துப்போய், பற்றாக்குறை பெருத்து, முதலீட்டை மட்டும் இரண்டு பெரிய நிதிகளாகச் சேர்க்க 2019-ல் சட்டம் போட்டார்கள். ஆனால், சேர்த்தபோதும் தொழிலாளியின் நாற்காலியை யாரும் எடுத்துப் போடவில்லை.

2026 ஜனவரி 3-ம் தேதி நம் சர்க்கார் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். தொழிலாளியின் பத்து சதவீதம் தொடரும். தொடக்கத்தில் 13,000 கோடி ரூபாயும் வருஷந்தோறும் சுமார் 11,000 கோடியும் சர்க்கார் தரும் என்றார்கள். பாதிச் சம்பளம் என்றதும் கைதட்டினார்கள். நானும் குறை சொல்லமாட்டேன். அந்த நிதியைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ராயபுரம் நிலையத்திலிருந்து ஒருவர், திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து ஒருவர், சகாக்களின் ஓட்டு வாங்கி உட்காரட்டும். எந்தப் பத்திரத்தில் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, என்ன வட்டிக்கு என்று அவர்கள் கேட்பதற்குத் தமிழில் எழுதிப் பதில் கொடுக்கட்டும். அதை ஸ்டேஷன் சுவரில் ஒட்டட்டும்.