மேடையில் பிட்டு, வீட்டில் பாண்

தமிழரும் முஸ்லிம்களும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" வாழ்பவர்கள் என்ற உவமையைக் கூறாத அரசியல் மேடையை மட்டக்களப்பு மாவட்டத்தில் காண்பதரிது. அழகான உவமைதான். ஆனால் அந்தப் பிட்டு எந்த மாவில் அவிகிறது என்று எவரும் கேட்பதில்லை. பல வீடுகளில் இன்று அது கோதுமை மாப் பிட்டு. வணிக அளவில் கோதுமை விளையாத நாடு நமது நாடு. கப்பலில் வந்திறங்கித் திருகோணமலை ஆலையில் அரைபட்ட மா, நெல் வயல்களைக் கடந்து நமது நீத்துப்பெட்டிக்கு வந்து சேருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லையா?

ஓட்டமாவடியை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் வாழைச்சேனை ஆறும் வாவியும். மறுபுறம் வாகனேரி, புணானைப் பக்கமாக விரியும் வயல்கள். நெல்லும் மீனும் பாலும் தயிரும் குறைவில்லாத மண். இத்தகைய ஊர்களில் விவசாயக் கண்காட்சி என்றால் மாலையில் குடும்பம் குடும்பமாகச் சனம் திரளும். பாரம்பரிய உணவுக் கூடங்களின் முன்னால்தான் நெரிசல் அதிகம். குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, அவித்த சோளம், சிவப்பரிசி இடியப்பம், எருமைத் தயிர் என்று ஆளுக்குக் கொஞ்சமாகச் சுவைத்து, படமெடுத்து, வீடு திரும்புவார்கள். அத்தகைய ஒரு கூடத்தில் குரக்கன் பிட்டைக் கண்ட சிறுவன் ஒருவன், "இது சொக்லேட்டா வாப்பா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவசாய மண்ணின் பிள்ளைக்கு அம்மண்ணின் தானியம் காட்சிப்பொருளாகிவிட்டது.

கண்காட்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர், முஸ்லிம்களின் கடைகளைப் புறக்கணிக்குமாறு கோரும் பிரசாரங்கள் நாடெங்கும் பரவியதை நாம் மறந்துவிடவில்லை. சந்தையைப் பிரித்தால் சமூகத்தைப் பிரித்துவிடலாம் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். அந்த நஞ்சுக்கு மாற்று, ஓட்டமாவடிப் பெண் அவித்ததை வாழைச்சேனைக் குடும்பமும், வாழைச்சேனைப் பெண் காய்ச்சியதை ஓட்டமாவடிக் குடும்பமும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்பதுதான். நூறு நல்லிணக்கக் கருத்தரங்குகள் செய்யாததை ஒரு கோப்பைக் கஞ்சி செய்யும். என் கோபமெல்லாம் அது ஒரு மாலையோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான். மறுநாள் காலையில் கூடாரம் கழற்றப்படுகிறது. அதிகாரிகள் படங்களுடன் அறிக்கை எழுதுகிறார்கள். சமைத்த பெண் சட்டியைக் கழுவிக்கொண்டு வீடு செல்கிறாள். ஊர் பாண் வாங்க வரிசையில் நிற்கிறது.

நம் உணவு நம்மைவிட்டுப் போனது தற்செயலானதல்ல. 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தில் மாவட்டம்விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதற்கே கட்டுப்பாடு இருந்தது. அன்று உயிர் காத்த குரக்கனும் மரவள்ளியும் பின்னர் "வறுமைச் சாப்பாடு" என்ற பெயரைச் சுமந்தன. மலிவாகக் கிடைத்த இறக்குமதி மா நாகரிகமானது. 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியபோது அடிபட்டவன் விவசாயி. 2022இல் டொலர் இல்லாமற்போனபோது பாணின் விலை எங்கே ஏறியது என்பதை அனைவரும் கண்டோம். கப்பலை நம்பிய வயிறு எவ்வளவு பலவீனமானது என்ற பாடத்தை அவ்வாண்டு கற்பித்தது. பாடம் முடிந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டோம்.

"சனம் விரும்பவில்லை, நாம் என்ன செய்ய?" என்பார்கள். விரும்பாத சனமா அந்தக் கூடங்களில் நெருக்கியடிக்கிறது? வேலைக்குச் செல்லும் தாய்க்கு விடியற்காலையில் குரக்கன் குழைத்து அவிக்க நேரமில்லை என்பதே உண்மை. ஆகவே அவித்து விற்பவள் நாள்தோறும் சந்தியில் இருக்க வேண்டும். இது கனவல்ல. விவசாயத் திணைக்களத்தின் "ஹெல பொஜுன்" விற்பனை நிலையங்கள் தென்னிலங்கையில் பெண்களின் கையால் நடக்கின்றன. வடக்கில் "அம்மாச்சி" உணவகங்கள் அவ்வாறே நடக்கின்றன. அங்கே கண் முன்னால் சமைக்கிறார்கள். நியாயமான விலைக்கு விற்கிறார்கள். உழைப்பின் பயன் அப்பெண்களின் கைக்கே செல்கிறது. கண்காட்சியால் செய்ய முடியாததை ஒரு கூரையும் நான்கு அடுப்புகளும் செய்திருக்கின்றன.

இன்னொன்று, நெல். 1971இல் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவுக்குத் தாமதமாக வருகிறது என்ற முறைப்பாடு அறுவடைதோறும் எழுகிறது. கடன்காரன் வாசலில் நிற்கும் விவசாயி ஈர நெல்லைத் தனியாருக்கு விற்றுவிடுகிறான். அந்த நெல் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகி, ஏறிய விலையில் நம்மிடமே திரும்புகிறது. விதைத்தவனே வாங்கித் தின்னும் இந்தக் கூத்தை எந்தக் கூடத்தில் காட்சிக்கு வைப்பது?

டொரன்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் பொதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஊரை விட்டுப் போனவன் தேடி வாங்குகிறான். ஊரில் இருப்பவனோ ஆண்டுக்கொரு முறை வேடிக்கை பார்க்கிறான்.

பிரதேச சபையினரிடமும் திணைக்கள அதிகாரிகளிடமும் கேட்பது பெரிதல்ல. அடுத்த கண்காட்சிக்கான கூடாரச் செலவில் பிரதான வீதியோரம் ஒரு நிரந்தரக் கூடம் கட்டுங்கள். தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் அருகருகே அடுப்புகளைக் கொடுங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு அங்கிருந்து உணவு செல்லட்டும். உங்கள் கூட்டங்களில் கேக்கும் ரோல்ஸும் வைப்பதை நிறுத்தி, அந்தப் பிட்டையே வாங்கி வையுங்கள்.

அதைச் செய்துவிட்டு மேடையேறி அந்த உவமையைச் சொல்லுங்கள். நாங்களும் கைதட்டுகிறோம்.